மண்ணில் தூண் நடாத பூனை வீடு

தோட்டத்து ஆசாரியிடம் எந்த வேலையைக் கொண்டுவந்தாலும் "சின்ன வேலைதான்" என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையில் இருப்பதைத் தூக்கி எறியலாமா என்று உங்களுக்கும் எப்போதாவது தோன்றியிருந்தால், நீங்கள் தையல்காரரோ, சமையல்காரரோ, பள்ளிக்கூட வாத்தியாரோ, யாராக இருந்தாலும் என் கூட்டம்தான். வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆசாரியாக இருந்தேன். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கதவு, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் உடைந்த தட்டு, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்துத் தொட்டில், பங்களா நாற்காலிக்குக் கால், கடைசியில் ஆளை எடுத்துப் போகிற பெட்டி, எல்லாம் நான்தான். பட்டறை என்பது ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மதியம் ஆனதும் மூடுபனி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மரத்தூள் வாசனையோடு வாடுகிற கொழுந்து வாசனையும் சேர்ந்தால் கண் தானாகச் சொக்கும். மரம் அறுக்கிற வாளை இழுத்துக்கொண்டே கனவு காணும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. விரல்கள் பத்தும் மிச்சமிருப்பது தெய்வச் செயல்.

சின்ன வேலை

அந்த வருஷம் கீழ்ப் பிரிவில் வெறிபிடித்த ஒரு விசர் நாய் கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தியைக் கடித்துவிட்டது. பாவம், பதுளை ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுத்தான் பிழைத்தாள். தோட்டம் முழுக்க ஒரே பீதி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை தோட்டத்து மேனேஜர் தொரையின் உத்தரவைச் சத்தம் போட்டுச் சொன்னார். மாதம் பிறந்ததும் வாச்சர் துப்பாக்கியோடு லயம் லயமாக வருவார், கட்டாத நாய், அடைக்காத பூனை எது கண்ணில் பட்டாலும் சுடுவார். நாய் வைத்திருந்தவர்கள் கயிறு தேடிப் போனார்கள். பூனைகளை ஆளாளுக்கு டவுன் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். செல்லாயி ஒருத்திதான் நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

செல்லாயி மேட்டு லயத்துக்காரி. கொழுந்து எடுப்பதில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். பூனையின் பெயர் பொட்டு. வெள்ளை உடம்பு, நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அது உண்மையில் மகள் ராணி வளர்த்த பூனை. ராணியைக் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புது மருமகள் பூனையும் கையுமாகப் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும் என்று, பொட்டைத் தாயிடம் விட்டுப் போயிருந்தாள். இப்போது அவள் உண்டாகியிருந்தாள். தை பிறந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள்.

"கோழிக்கூடு மாதிரி ஒன்னு அடிச்சுத் தாறேன், போ" என்றேன். அவள் போகவில்லை. எப்போதும் படபடவென்று பேசுகிறவள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "புள்ள பஸ்ஸ விட்டு எறங்குனதும் நல்லாருக்கியாம்மான்னு கேக்க மாட்டா ஆசாரியண்ணே. பொட்டு எங்கம்மான்னுதான் கேப்பா. அதுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

பெட்டிக்குள் போனது

கூடு அடிப்பது ஒரு வேலையா? தேயிலைப் பெட்டிப் பலகை இரண்டைப் பிரித்தேன், முன்பக்கம் சட்டம் அடித்தேன், கதவுக்குக் கீலாக ஒரு தோல் துண்டு. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பொட்டை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் ஒரு கத்து கத்தியது பாருங்கள்! அந்தச் சின்ன உடம்பில் அத்தனை சத்தம் எங்கே இருந்ததோ. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம். யாரோ பிள்ளை பெறுகிறாள் என்று நினைத்துக் கங்காணி ஆள் அனுப்பி விசாரித்தார்.

அளவெல்லாம் சரி, ஆள்தான் பொருந்தவில்லை. இந்தக் கண்றாவி உங்களுக்கும் நேர்ந்திருக்கும். பொட்டு கருவாட்டைத் தொடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை. கத்தி ஓய்ந்ததும் மூலையில் சுருண்டு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தது. அதன் வழக்கமான இடம் லயத்துத் தகரக் கூரை. காலை வெயிலில் கூரை சூடாகும்போது ஏறிப் படுத்தால், மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வருகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். கீழே ரயில் ஊதினால் காதை மட்டும் திருப்பும். எனக்கே அந்தப் பூனையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், அப்படியொரு நிம்மதி.

செல்லாயியின் புருஷன் முத்தையா ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுகிறவன். அதிர்ந்து பேசாதவன். அவன்தான் கதவைத் திறந்துவிட்டான். பொட்டு ஒரே பாய்ச்சலில் கூரைக்குப் போய்விட்டது. என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் மனசு நோகக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னான்: "தேயிலயத்தான் பொட்டியில போட்டு ஆணியடிச்சா சும்மா கெடக்கும், ஆசாரி. இதுக்கு வானம் தெரியணும்."

பிடுங்கிய தூண்கள்

சரி, வானம் தெரிய ஒன்று கட்டிவிடுவோம் என்று இறங்கினேன். லயத்துக்குப் பின்னால் சமையல் குசினிச் சுவருக்கும் மலையை வெட்டிய மண் சரிவுக்கும் நடுவே நீளமாக ஒரு சந்து கிடந்தது. சாம்பல் கொட்டுகிற இடம். அதில் நாலு தூண் நட்டு, சுற்றிலும் வலை அடித்து, மேலே பாதிக்குத் தகரம், பாதிக்கு வலை. உள்ளே ஏறி உட்காரப் பலகை. நினைக்கும்போதே இனித்தது. விறகுக் காட்டிலிருந்து நேரான கம்புகள் கொண்டுவந்து, அலவாங்குக் கம்பியால் குழி தோண்டி, மூன்றை நட்டுவிட்டேன். நாலாவதை நிமிர்த்தும்போது கணக்கப்பிள்ளையின் குடை தெரிந்தது.

கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. தொரைக்குப் பயந்தவர், அவ்வளவுதான். தோட்டத்து மண்ணில் தொழிலாளி தூண் நடக் கூடாது. அது பழைய சட்டம். ஒற்றை அறைக் காம்பராவும் தோட்டத்துடையது, அதன் கூரையும் தோட்டத்துடையது, சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். அடைக்காவிட்டால் சுடுவார்களாம், அடைக்க இடம் கட்டினால் பிடுங்குவார்களாம். "அப்ப நான் பூனைய வாயிலயா வெச்சுக்கிறது?" என்று செல்லாயி பிடித்துக்கொண்டாள். அவர் குடையை இந்தக் கைக்கு மாற்றி, அந்தக் கைக்கு மாற்றி, கடைசியில் தூண்களைக் காட்டினார். நான் நட்டதை நானே பிடுங்கினேன். "பூனைக்குன்னு சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிப்பீங்க" என்றார் அவர். "வருஷம் திரும்புறதுக்குள்ள அதுல மருமகன் குடியிருப்பான்."

மாடியில் பட்ட யோசனை

அன்று மதியம் பட்டறையில் வேலை ஓடவில்லை. மரத்தூள் குவியலில் சாய்ந்தேன், கண் சொருகிவிட்டது. ஒரு வீடு மூடுபனியில் மிதந்து போகிறது. அதற்குத் தூணும் இல்லை, அடித்தளமும் இல்லை. நான் கீழே ஓடிக்கொண்டே "கதவுக்கு அளவெடுக்கல, நில்லு, நில்லு" என்று கத்துகிறேன். அது பாட்டுக்குப் போகிறது. கனவில்கூட எனக்கு வேலைதான், பார்த்தீர்களா? டீமேக்கர் வந்து தோளைத் தட்டி எழுப்பினார். தேயிலை போடுகிற ஸ்டோருக்கு அவர்தான் தலை. மாடியில் கொழுந்து பரப்புகிற தட்டு ஒன்று சரிந்துவிட்டதாம், வந்து பார் என்றார்.

மாடிக்கு நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அன்றுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உத்தரம் வரைக்கும் நின்றன. எல்லாம் கயிறும் சட்டமும் பார்த்துக்கொண்ட வேலை. தரையில் எதையும் புதைக்கவில்லை. தன் கனத்திலேயே தான் நிற்கிறது. நடுவில் முத்தையா கொழுந்தை உதறி உதறிப் பரப்பிக்கொண்டிருந்தான். பச்சை மங்கலில் அவன் கை மட்டும் தெரிந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். மண்ணைத் தோண்டினால்தானே தூண்? கல்லின் மேல் சட்டத்தை உட்கார வைத்து, மூலைக்கு மூலை கயிற்றால் கட்டிவிட்டால்?

விஷயத்தைச் சொல்லி, மூலையில் கிடந்த பழைய சல்லடை வலைகளைத் தருவீர்களா என்று டீமேக்கரிடம் கேட்டேன். தூள் சலித்துச் சலித்து ஓரம் கிழிந்தவை, கழித்துப் போட்டவை. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினார். சிரிக்காத மனிதர், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இதுல மேல தங்கினா பெரிய எலை, கீழ விழுந்தா தூசி. உங்க பூனை எந்த ரகம்னு நாளைக்கு வந்து எனக்குச் சொல்லணும்."

பஸாரில் ஒரு முதலாளி

கூரைக்குக் கோழி வலையும் கதவுக்குக் கீலும் வாங்கப் பதுளைக்குப் போனேன். பஸாரில் நான் வழக்கமாகப் போகிற இரும்புக்கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. வெள்ளைத் தொப்பி, சாந்தமான முகம். அன்று அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய மெத்தை நாற்காலியில் ஒரு சாம்பல் நிறப் பூனை கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஆணி எடுக்கப் போன வேலையாள் அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

பூனைக்கு அடைப்பு கட்டுகிறேன் என்றதும் நானா வியாபாரத்தை மறந்துவிட்டார். வலைக்கண் சின்னதாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கம்பி நுனி எல்லாம் வெளிப்பக்கம் மடங்க வேண்டும். கதவு இரண்டு வேண்டும், ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் சந்தில் புகுந்து ஓடிவிடும். உயரத்தில் உட்கார ஒரு பலகை, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கையால் காற்றில் வரைந்து வரைந்து காட்டினார். எனக்கு இவ்வளவு பொறுமையாக வேலை விளக்கிய மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "உங்க பூனையை நல்லா வளர்த்திருக்கீங்க, நானா" என்றேன். அவர் அதைத் திரும்பிப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது என்ட பூனையில்ல, ஆசாரி. நான்தான் இதுட ஆள்."

நாலு பக்கமும் ஜன்னல்

வலைச் சுருளோடு பஸ்ஸில் வந்த கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும், விடுங்கள். வேலையில் இறங்கினேன். நாலு மூலைக்கும் நாலு தட்டைக் கல். அதன் மேல் அடிச்சட்டம், அதிலிருந்து கம்புகள், மூலைகளில் ஸ்டோர் மாடி முடிச்சு. அந்த முடிச்சுகளை முத்தையாதான் போட்டான். பக்கங்களுக்குச் சல்லடை வலை, மேலே பாதிக்குத் தகரம், பாதிக்குக் கோழி வலை என்று சட்டத்தில் ஆணியடித்து, கம்பி நுனிகளை வெளியே மடித்தேன். மண்ணில் ஒரு குழி இல்லை, சுவரில் ஓர் ஆணி இல்லை. நானா சொன்ன இரண்டு கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வந்தது. லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இருக்குமே ஒடுங்கலாக ஓர் இஸ்தோப்பு, அச்சு அசலாக அதே மாதிரி. பூனைக்கு இஸ்தோப்பு வைத்துக் கட்டிய ஆசாரி என்று லயமே சிரித்தது.

சிரித்தவர்கள் சும்மா இருந்தார்களா? யோசனை சொல்லாத ஆள் இல்லை. பலகையைக் கிழக்கே வை, இல்லை மேற்கே வை. நீங்கள் வேலை செய்யும்போது பின்னால் நின்று யோசனை சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. முடிந்ததும் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் நின்று பார்த்தார்கள். சிரித்துக்கொண்டேதான் போனார்கள். உள்ளே போனதும் சத்தம் அடங்கிவிட்டது. மூடுபனி வலை வழியாக வந்து அவர்கள் மேல் பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த காம்பரா மாரியாயி மட்டும் வெளியே வர மனமில்லாமல் வலையில் விரலைப் பதித்துக்கொண்டு நின்றாள். "நம்ம காம்பராவுல புகை போறதுக்கே வழியில்ல. இதுக்குப் பாரு, நாலு பக்கமும் ஜன்னல்."

பால் பொங்கியது

எல்லாம் ஆயிற்று, பொட்டு உள்ளே போக மாட்டேன் என்கிறது. தூக்கிவிட்டால் கதவருகே நின்று கத்துகிறது. வாச்சர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. செல்லாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பால் காய்ச்சலையே! புது வீட்டுக்குள்ள பால் காய்ச்சாம யாரு போவா?" பூனைக்கு எதற்கடி பால் காய்ச்சுவது என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், எப்படிக் காய்ச்சுவது என்று அந்த லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. யாராவது வீடு கட்டியிருந்தால்தானே தெரியும்? கிழக்கே பார்த்து என்றாள் ஒருத்தி, வடக்கே என்றாள் இன்னொருத்தி. கோயில் பூசாரியைக் கேட்டால் பூனைக்கா என்று அவர் பிரம்பை எடுப்பார். கடைசியில் பொங்கலுக்குச் செய்கிற மாதிரியே செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. உள்ளே மூன்று கல் கூட்டினாள். புதுச் சட்டி, மாட்டுப் பட்டிப் பால். ஞாயிற்றுக்கிழமைக் காலை, வெயில் அப்போதுதான் வலைக்குள் விழுந்தது. பால் நுரைத்து ஏறி, விளிம்பில் கொஞ்சம் தயங்கி, பிறகு சரசரவென்று வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்த லயத்தில் கல்யாணத்துக்கும் அப்படி ஒரு குலவை நான் கேட்டதில்லை.

பால் வாசனைக்குப் பொட்டு வந்துவிட்டது. இஸ்தோப்பைத் தாண்டி, கூட்டத்துக் கால்களுக்குள் புகுந்து, உள்ளே போய், கீழே வழிந்ததை நக்கிவிட்டு, ஒரே தாவலில் பலகையில் ஏறி உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செல்லாயி மட்டும் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு ஓவென்று அழுதாள். "கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்தப்ப, முந்தி இருந்தவங்க அடுப்புச் சாம்பல அள்ளிக் கொட்டிட்டுத்தான் உலை வெச்சேன், ஆசாரியண்ணே. நம்ம வீட்டுல பால் பொங்கி இன்னைக்குத்தான் பாக்குறேன்."

தொரை கேட்ட கேள்வி

அந்தக் குலவைதான் வினையாகிவிட்டது. சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கிறது, யாரோ கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். பூனையை அடைத்திருந்தால் கூண்டு. பால் காய்ச்சியிருந்தால் அது வீடு. வீடு என்றால் பிரித்தாக வேண்டும், பிரித்தால் பூனை வெளியே, வெளியே வந்தால் துப்பாக்கி. சந்தோஷத்தில் நாங்களே போய் மாட்டிக்கொண்டோம். குறித்த நாளில் வாச்சரோடு தொரையும் வந்தார். அளந்து பேசுகிற சிங்களத் தொரை, நல்ல தமிழ் தெரியும். லயம் முழுக்க வெளியே வந்து நின்றது. பயமில்லாமல் அங்கே இருந்தது பொட்டு ஒன்றுதான். பலகையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"இது என்ன? வீடா, கூண்டா?" என்று செல்லாயியைக் கேட்டார். அவள் வலையைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். எப்பேர்ப்பட்ட வாய்க்காரி! அன்று ஒரு சொல் எடுக்க அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "கூண்டுதாங்க, தொரை" என்றாள். பாலைப் பொங்க வைத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வதென்றால் சும்மாவா! கணக்கப்பிள்ளை விடவில்லை, பால் காய்ச்சிய கதையைச் சொன்னார். தொரை என் பக்கம் திரும்பினார். "கூண்டுக்கு யார் பால் காய்ச்சுவாங்க?" எப்படித்தான் வந்ததோ, "பூனை பால்தானுங்களே குடிக்கும்" என்று உளறிவிட்டேன். வாச்சர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

தொரை சிரிக்கவில்லை. குனிந்து அடிக்கல்லைப் பார்த்தார், பூட்ஸ் நுனியால் தட்டினார். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். மொத்தமும் அப்படியே கிளம்பியது, உள்ளே பூனையோடு. அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் என்ன ஓடியதோ, என்னால் சொல்ல முடியாது. "வீடு நடக்காது, இது நடக்குது. ஆனா ஒரே எடத்துல ரொம்ப நாள் நின்னா இதுவும் வீடாப் போயிடும். மாசம் ஒரு தடவ எடத்த மாத்துங்க."

நடந்து வந்தது

இப்படி ஓர் உத்தரவை எந்தத் தோட்டத்திலாவது போட்டிருக்கிறார்களா? மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் நாலு மூலையிலும் தோள் கொடுப்பார்கள். கல்லை எடுத்துக்கொண்டு நான் முன்னே போவேன். சந்து நெடுகத் தள்ளித் தள்ளி வைத்ததில், ஒவ்வொரு மாதமும் ஒரு குசினி வாசலுக்குப் பூனை வீடு போய்ச் சேர்ந்தது. எந்த வாசலில் நிற்கிறதோ அந்த மாதம் அந்த வீட்டில்தான் பொட்டுக்குச் சாப்பாடு. "வாற மாசம் எங்க பக்கம்" என்று முன்கூட்டியே கருவாடு வாங்கி வைத்தவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டு தகரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு மழையைப் பார்க்கும். எனக்கு வேலை இல்லாத பொழுது நானும் போய் வலைக்கு இந்தப் பக்கம் குந்திக்கொள்வேன். இருவரும் பேசாமல் ஒரே மழையைப் பார்ப்போம். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது.

தை பிறந்து, தூக்குகிற ஞாயிறும் வந்தது. அன்று மூடுபனி கொட்டியது. முன்னால் போகிறவன் முதுகு பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை. லயத்துக் கோடியில் திரும்பும்போது படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. ராணி. பெரிய வயிறு, கையில் பை, பக்கத்தில் புருஷன். அவள் கண்ணுக்குத் தூக்குகிறவர்களின் கால் தெரிந்திருக்காது. வெள்ளையாக எல்லாம் மறைந்து கிடக்க, நடுவே ஒரு வீடு மட்டும் ஆடி ஆடி வருகிறது. அதற்குள் உயரத்தில் பொட்டு. பூனைதான் முதலில் கண்டுபிடித்தது. எழுந்து நின்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டது. ராணி பையைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னைய கூட்டிட்டுப் போக வீடே வந்துருச்சாம்மா?"

பிரித்த நாள்

பெண் குழந்தை பிறந்தது. காம்பராவின் புகை பிள்ளைக்கு ஆகாது என்று, காலை வெயில் வந்ததும் ராணி குழந்தையோடு வலைக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். பொட்டு மேலே, பிள்ளை மடியில். பிறகு அவள் புறப்படும் நாளும் வந்தது. மாமியார் வீட்டில் இனி அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு, பூனையைக் கூட்டிப் போகலாம். முத்தையா ஒரு கொழுந்துக் கூடையில் பொட்டை வைத்து மேலே சாக்குக் கட்டிக் கொடுத்தான். பஸ் திரும்பும் வரைக்கும் கூடைக்குள்ளிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பூனை போய்விட்டது, இனி கூண்டு எதற்கு என்று கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பினார். நியாயம்தான், எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். செல்லாயி சந்து முழுக்கக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள். வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "வாங்க, ஆசாரியண்ணே, உள்ள வாங்க" என்றாள். அதே வேகமான குரல்தான், ஆனால் அந்த "வாங்க" வேறு மாதிரி இருந்தது. இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று கேட்காதீர்கள். உள்ளே ஒரு முக்காலி, எதிரே முத்தையா. அவள் தேத்தண்ணி ஊற்றி இரண்டு கையாலும் கொடுத்தாள். மூன்று பேரும் குடித்தோம். வலை வழியாக மூடுபனி வந்து போனது, கீழே ரயில் மலையைச் சுற்றுகிற சத்தம் கேட்டு அடங்கியது. தம்ளர் காலியான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

அவள்தான் எழுந்தாள். மூலைக்குப் போய், புருஷன் போட்ட முதல் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். அழவில்லை. கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்தாள். "வீடுன்னா யாராச்சும் வரணும், உக்காரணும், ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கணும். நீங்க வந்துட்டீங்க, ஆசாரியண்ணே. இனி பிரிங்க."

வருஷக்கணக்காக ஊரார் வாசலுக்கெல்லாம் கதவு மாட்டிக் கொடுத்தவனுக்கு விருந்தாளியாக நுழைய வாய்த்தது, தானே கட்டித் தானே பிரித்த ஒரு பூனை வீடு.